கேட்கப்படாத இசை: ஒரு மலேசிய விளையாட்டும் அதன் விமர்சகர்களும்

ஒரு கலைப்படைப்பைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே மதிப்பிடும் வழக்கம் புதியதன்று. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி (மறைவு ஹி. 471 / கி.பி. 1078) தம் காலத்து இலக்கிய விமர்சகர்களிடம் கண்ட பெருங்குறை இதுவே. அழகு சொல்லில் உள்ளதா, பொருளில் உள்ளதா என இரு அணிகளாக நின்று அவர்கள் வாதிட்டனர். சொற்கள் ஒன்றோடொன்று கொள்ளும் இணைப்பிலேயே அழகு பிறக்கின்றது என ஜுர்ஜானி நிறுவினார். ஒரே சொல் ஓரிடத்தில் இனிப்பதையும் மற்றோரிடத்தில் உறுத்துவதையும் அவர் சான்றாகக் காட்டினார். 'நழ்ம்' என அறியப்படும் இக்கோட்பாட்டை, அல்-குர்ஆனின் சொல்வன்மையை விளக்குமுகமாக, 'தலாஇலுல் இஃஜாஸ்' என்ற நூலில் அவர் விரிவாக வளர்த்தெடுத்தார்.

இத்தகைய கோட்பாடொன்றை, இசையும் சண்டையும் கலந்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய கட்டுரையின் வாசலில் நிறுத்துவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். வேதத்தையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைப்பது எமது நோக்கமன்று. ஒரு படைப்பை வாசிப்பதற்கு எம் முன்னோர் வகுத்த முறை இன்றைய படைப்புகளுக்கும் பயன்படத்தக்கது என்பதையே காட்ட விழைகின்றோம்.

இவ்விளையாட்டை நாம் முதன்முதலில் கண்டது எமது சகோதரியின் மகன் அதனை விளையாடிக்கொண்டிருந்த வேளையிலாகும். அவன் பல்கலைக்கழக மாணவன். கருத்துக் கூறத் தயங்காதவன். இது எப்படிப்பட்டது எனக் கேட்டோம். "இசை பிரமாதம், கமெரா மோசம்" என்றான். பின்னர் இதனைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த விமர்சனங்களைத் தேடிப் படித்தபோது, அவற்றுள் பல இவ்விரு வாக்கியங்களையே பல பத்திகளாக விரித்திருப்பதைக் கண்டோம். அவ்விமர்சனங்கள் கூறியவை பெரும்பாலும் உண்மையே. அவை கூறாமல் விட்டவை எவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

படைப்பும் படைத்தோரும்

'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' எனும் இவ்விளையாட்டு 2020 ஆகஸ்ட் 25ஆந் திகதி வெளிவந்தது. இதனை உருவாக்கியது 'மெட்ரோனோமிக்' எனும் மலேசிய நிறுவனம். வான் ஹஸ்மர், டாயிம் ஸியாவுத்தீன் எனும் இரு மலேசியர் அதனை நிறுவினர். முன்னவர் 2016இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி 15' விளையாட்டின் வடிவமைப்பில் தலைமைப் பொறுப்பு வகித்தவர். பின்னவர் அதே ஆண்டு வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டுக்கு ஓவியராகப் பணியாற்றியவர். ஜப்பானின் பெரும் நிறுவனங்களில் தொழில் கற்றோர் தாய்நாட்டில் ஒரு சிறு குழுவைக் கட்டியெழுப்பிப் படைத்த முதல் ஆக்கம் இது என்பது கவனத்திற்குரியது.

'நேரான பாதைகள் இல்லை' எனப் பொருள்படும் தலைப்பு எம் வாசகரின் செவியில் சற்று நெருடலாம். கதையில் அது ஒரு நிறுவனத்தின் பெயராகும். இசையிலிருந்து மின்னாற்றலைப் பெறும் 'வைனல்' எனும் கற்பனை நகரத்தை அந்நிறுவனம் ஆள்கின்றது. அங்கு இ.டி.எம். எனச் சுருக்கி வழங்கப்படும் இலத்திரனியல் நடன இசைக்கே அனுமதி உண்டு. மேடே எனும் கித்தார்க் கலைஞரும் ஸூக் எனும் டிரம் கலைஞரும் அங்கே நடைபெறும் தேர்வொன்றில் ராக் இசையை வாசிக்கின்றனர். அவர்களின் வாசிப்பு ஆற்றலை ஈட்டிய போதிலும், இசைவகை பிடிக்கவில்லை என்பதற்காக நடுவர்கள் அவர்களை நிராகரிக்கின்றனர். நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்க, அந்நிறுவனத்தின் கோபுரம் மட்டும் ஒளிர்வதை அவ்விருவரும் காண்கின்றனர். அங்கிருந்து அவர்களின் கிளர்ச்சி தொடங்குகின்றது.

நகரின் ஒவ்வொரு பகுதியையும் ஓர் இசைக்கலைஞர் ஆள்கின்றார். தம்மைப் பிரபஞ்சத்தின் மையமாகக் கருதும் ஓர் இசைத்தட்டுக் கலைஞர், திரைக்குப் பின்னால் நால்வர் சேர்ந்து இயக்கும் ஒரு மாய நட்சத்திரப் பாடகி, யினூ எனும் குழந்தைப் பியானோக் கலைஞர், இயந்திர மனிதர்களாலான ஓர் ஆண்கள் பாடகர் குழு என அவர்களின் வரிசை நீள்கின்றது. ஒவ்வொருவரும் இன்றைய இசை வணிகத்தின் ஒரு முகத்தை நினைவூட்டுகின்றனர். யினூவுடன் மோதுகையில் பின்னர் அவளுடைய தாயே சினத்துடன் களத்தில் இறங்குவது, திறமையுள்ள குழந்தையை மேடையேற்றும் பெற்றோரின் பாசத்தையும் பேராசையையும் ஒருங்கே உணர்த்தும் காட்சியாகும். ஒரு குழந்தையின் கச்சேரியைக் குலைத்தே வெல்ல வேண்டியிருப்பதை விளையாடுபவர் சங்கடத்துடன் உணர்கின்றார்.

விமர்சகர்கள் கண்டவை

இவ்விளையாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு கலவையானது. இசை, ஓவிய பாணி, பாத்திர வார்ப்பு, தலைமை எதிரிகளுடனான மோதல்கள் ஆகியன பரவலாகப் பாராட்டப்பட்டன. கமெராவின் கோணம் விளையாடுபவரின் கட்டுப்பாட்டை மீறிச் செல்வது, சண்டை முறையில் ஆழமின்மை, மோதல்களுக்கு இடைப்பட்ட கட்டங்கள் ஒரே மாதிரியாக அமைந்திருப்பது, நகர வீதிகளில் செய்வதற்கு அதிகம் இல்லாமை, முழு ஆக்கமும் சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுவது என்பன குறைகளாகச் சுட்டப்பட்டன. 2021இல் சில திருத்தங்களுடன் புதிய பதிப்பொன்றும் வெளியிடப்பட்டது.

இக்குறைகளை நாம் மறுக்கவில்லை. எதிரி எங்கிருந்து தாக்குகின்றார் என்பதைக் கமெரா மறைத்துவிடும் வேளைகளில் எமது உறவுக்கார இளைஞன் எழுப்பிய முனகல்களுக்கு நாமே சாட்சி. பணம் கொடுத்து வாங்குவோருக்கு இத்தகைய எச்சரிக்கை தேவை என்பதும் நியாயமானதே. வாங்கலாமா என்ற வினாவுக்கு விடையளிப்பது ஒரு பணி. இப்படைப்பு என்ன சொல்கின்றது, சொன்னதைத் தன் அமைப்பால் நிறைவேற்றுகின்றதா என்ற வினாவுக்கு விடையளிப்பது மற்றொரு பணி. நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை முதற்பணியோடு நின்றுவிட்டன. இசைக்கு ஒரு பத்தி, ஓவியத்துக்கு ஒரு பத்தி, சண்டைக்கு ஒரு பத்தி, இறுதியில் ஓர் எண் என்ற வடிவம் அவற்றை அங்கேயே நிறுத்தியது. ஜுர்ஜானி எதிர்த்த அதே பிரிப்புமுறை இங்கே புதிய ஆடையில் வந்து நிற்கின்றது.

தாக்குவதும் கேட்பதும்

இப்பிரிப்பினால் நேர்ந்த முதல் இழப்பு விளையாட்டின் அடிப்படை விதியிலேயே உள்ளது. இசை சார்ந்த விளையாட்டுகளில் வழக்கமாக விளையாடுபவர் தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்த வேண்டும். தாளம் தவறினால் புள்ளி குறையும். இங்கோ மேடேயும் ஸூக்கும் விரும்பிய நேரத்தில் தாக்கலாம். தாளத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் எதிரிகளே. அவர்களின் ஒவ்வொரு தாக்குதலும் பின்னணியில் ஒலிக்கும் இசையின் அடிக்கு இயைந்து வருகின்றது. ஆகவே செவிகொடுத்துக் கேட்பவருக்கு அடுத்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரிகின்றது.

இதனைச் சில விமர்சகர்கள் ஒரு பற்றாக்குறையாகக் கண்டனர். விளையாடுபவரின் செயலோடு இசை போதிய அளவு பிணைக்கப்படவில்லை என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தை எடைபோட, பின்னர் வந்த ஒரு படைப்போடு ஒப்பிடுவது பயன்தரும். 2023 ஜனவரியில் ஜப்பானின் டேங்கோ கேம்வர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஹை-ஃபை ரஷ்' வெளிவந்தது. அங்கும் கித்தார் வடிவ ஆயுதம் ஏந்திய ஓர் இளைஞன், அங்கும் எதிரி ஒரு பெருநிறுவனம். எனினும் அவ்விளையாட்டில் கதாநாயகனின் வீச்சு, எதிரியின் அடி, சுற்றியுள்ள இயந்திரங்களின் அசைவு அனைத்தும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. விமர்சகர்கள் அதனைப் பெரிதும் போற்றினர். உலகம் முழுவதும் ஒரே தாளத்தில் அசையும் இன்பத்தை அது குறையின்றி வழங்கியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த விதியை 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' கடன் வாங்கியிருந்தால் அதன் கதை பொய்த்திருக்கும். ஒரே இசையை எல்லோர்மீதும் சுமத்தும் ஆட்சி பற்றியது அக்கதை. அவ்வாட்சியின் ஏவலர் தாளம் தவறாமல் நடக்கின்றனர். கிளர்ச்சி செய்யும் இருவருக்கும் அக்கட்டு இல்லை. எதிராளியின் தாளத்தில் ஆட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. அதனை விளங்கிக்கொள்ளும் கடமை உண்டு. விதியும் கதையும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இவ்விணைப்பே ஜுர்ஜானியின் மொழியில் இப்படைப்பின் 'நழ்ம்' எனலாம். இசைக்கும் சண்டைக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்கிய விமர்சனத்தில் இது தென்பட வழியில்லை. ஏனெனில் அது அவ்விரு பத்திகளுக்கும் இடையில் உள்ளது.

இசை பற்றிய எம் மரபின் நீண்ட வாதங்களில் 'ஸமாஃ' என்ற சொல்லே மையமாக விளங்கியது. அதன் நேர்ப்பொருள் கேட்டல் என்பதாகும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கெனத் தனிப் பகுதியொன்றை ஒதுக்கியுள்ளார். கேட்பவரின் உள்ளத்தில் ஏற்கனவே உள்ளதையே இசை கிளர்ந்தெழச் செய்கின்றது என்பதும், ஆகவே கேட்பவரின் நிலையையும் கருதியே அதனைப் பற்றித் தீர்மானிக்க வேண்டும் என்பதும் அவர் அங்கே வலியுறுத்தும் கருத்துகளாகும். இசை ஆகுமானதா என்ற சட்டப் பிரச்சினையை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவது வாசகர் அறிந்ததே. இசையைப் பேசும்போது கேட்பவரைப் பற்றியும் பேச வேண்டும் என்ற அவரது அணுகுமுறையே இங்கு எமக்கு வேண்டியது. விளையாடுபவரைக் கேட்பவராக மாற்ற முயலும் ஒரு படைப்பின் இசையைப் பின்னணி அலங்காரமாக மட்டும் பாராட்டியது, பாராட்டாயினும் போதாத பாராட்டாகும்.

பழையதும் புதியதும்

இரண்டாவது இழப்பு கதையின் கருவைப் பற்றியது. 'ராக் இசை இலத்திரனியல் இசையை வெல்லும் கதை' என்று சுருக்கிக் கூறினால், எதுவும் தவறவிடப்பட்டதாகத் தோன்றாது. மேடேயின் வாய்மொழியும் அதுவே. இலத்திரனியல் இசை இசையே அன்று என அவள் இகழ்கின்றாள். ஆனால் நாம் கேட்கும் இசை அவளை மறுக்கின்றது. எதிரிகளின் மெட்டுகள் உள்ளத்தைக் கவர்பவை. படைத்தோர் அவற்றை வேண்டுமென்றே கேலிப் பொருளாக்கவில்லை. மோதல் முன்னேற முன்னேற அதே மெட்டு மெல்ல ராக் வாத்தியங்களுக்கு மாறுகின்றது. மெட்டு அழிவதில்லை, வேறொரு குரலில் தொடர்கின்றது.

இப்பூசல் எமக்கு அந்நியமானதன்று. அப்பாஸியரின் பக்தாதில் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலியும் (மறைவு கி.பி. 850) கலீபா ஹாரூன் அர்-ரஷீதின் சகோதரரான இப்ராஹீம் இப்னுல் மஹ்தியும் (மறைவு கி.பி. 839) நடத்திய விவாதம் இதன் மூத்த வடிவமாகும். பழைய மெட்டுகளை வந்தவாறே பாட வேண்டும் என்பது இஸ்ஹாக்கின் நிலைப்பாடு. பாடகன் தன் விருப்பப்படி மாற்றலாம் என்பது இளவரசரின் நிலைப்பாடு. இரு தரப்பினருக்கும் ஆதரவாளர் இருந்தனர். அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானியின் 'கிதாபுல் அகானி' இப்பூசலின் செய்திகளை எமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளது. அதே நூற்றாண்டில் கவிதைத் துறையிலும் முன்னோர், புதியோர் எனும் பிரிவு எழுந்தபோது இப்னு குதைபா (மறைவு ஹி. 276 / கி.பி. 889) தம் 'அஷ்-ஷிஃரு வஷ்-ஷுஅரா' நூலின் முன்னுரையில் ஒரு நடுநிலையை வகுத்தார். பழையவர் என்பதற்காக ஒருவரை உயர்த்துவதோ, சமகாலத்தவர் என்பதற்காக ஒருவரைத் தாழ்த்துவதோ நீதியாகாது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரமாகும்.

விளையாட்டின் இறுதிப் பகுதி இந்நிலைப்பாட்டுக்கே வந்து சேர்கின்றது. அதனை இன்னும் விளையாடாதோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். நிறுவனத்தின் தலைவியான டாட்டியானா ஒரு காலத்தில் புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞராக இருந்தவள் என்பது இறுதியில் வெளிப்படுகின்றது. இருவருக்கும் உதவிவந்த க்ளிஃப் அவளது பழைய இரசிகன். அவள் மாறியதை மன்னிக்க இயலாமல், கோபுரத்தையே அழிக்க அவன் சதி செய்கின்றான். அப்போது மேடேயும் ஸூக்கும் தாம் எதிர்த்து நின்ற கோபுரத்தைக் காக்கப் போராட வேண்டியதாகின்றது. பழைய இசைமீது கொண்ட அன்பு வெறியாக மாறினால், அதுவும் புதிய இசையின் சர்வாதிகாரம் போன்றதொரு சர்வாதிகாரமே என்பதை இத்திருப்பம் உணர்த்துகின்றது. இம்முடிவை எதிர்பாராத திருப்பம் என்றோ அவசர முடிவு என்றோ கூறி நகர்வது எளிது. தொடக்க முதல் ஒலித்த இசை இம்முடிவை முன்னறிவித்துக்கொண்டே வந்தது என்பதையே ஒரு விமர்சகர் எடுத்துக்காட்ட வேண்டும்.

நிழலில் நின்ற பாவை

மூன்றாவது இழப்பு எம்மை அதிகம் சிந்திக்கவைத்தது. விளையாட்டின் இடையிடையே டி.கே. வெஸ்ட் எனும் பாத்திரம் எதிர்ப்படுகின்றது. அவர் ஸூக்கின் அண்ணன். தம்பியின் பழைய தவறுகளைக் குத்திக்காட்டி அவர் பாடும் ராப் இசை மலாய் மொழியில் அமைந்துள்ளது. அவர் பாடும்போது பின்னால் எழுந்து நிற்கும் பேருருவங்கள் வாயாங் கூலிட் எனும் தோற்பாவை நிழற்கூத்தின் பாவைகளை ஒத்தவை. முழுக்க முழுக்கக் கற்பனை நகரமொன்றில், படைத்தோரின் மண் இங்கேதான் வெளிப்படையாகத் தலைகாட்டுகின்றது.

இப்பகுதியைச் சில விமர்சனங்கள் வேடிக்கையான இடைச்செருகலாகக் குறிப்பிட்டன. சில குறிப்பிடவே இல்லை. மலாய் அறியாதோர் சொற்களைத் தவறவிட்டதைக் குற்றமாகக் கொள்ள இயலாது. ஆனால் நிழற்பாவைக்குப் பின்னால் உள்ள வரலாறு அறியத்தக்கது. ஜாவாவில் இஸ்லாம் பரவியபோது ஸூனன் காலிஜாகா எனும் இறைநேசர் இக்கூத்தையே மக்களை அழைக்கும் சாதனமாகக் கையாண்டார் என்பது அங்குள்ள மரபுச் செய்தி. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் வளர்ந்த வடிவமோ இராமர் கதையின் மலாய் வழக்கை மையமாகக் கொண்டது. 1990களில் அம்மாநில அரசு, மார்க்க நெறிக்கு முரணான அம்சங்கள் உள்ளன எனக் கூறி, இக்கூத்தையும் மக்யோங் எனும் நாட்டிய நாடகத்தையும் தடைசெய்தது. 2003இல் யுனெஸ்கோ இந்தோனேசிய வாயாங்கையும் 2005இல் மக்யோங்கையும் மனிதகுலத்தின் வாய்மொழி மற்றும் அருவ மரபின் சிறந்த சான்றுகளாக அறிவித்தது. மக்யோங் மீதான தடை 2019இல் நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது.

தடையை நியாயப்படுத்துவோர் தரப்பிலும் எதிர்ப்போர் தரப்பிலும் முஸ்லிம் அறிஞர்கள் உள்ளனர். அவ்விவாதத்தைத் தீர்த்துவைப்பது எமது பணியன்று. ஆனால் இப்பின்னணியை அறிந்த ஒருவர், எந்த இசைக்கு அனுமதி, எந்த இசைக்குத் தடை என்பதையே கருவாகக் கொண்ட ஒரு மலேசியப் படைப்பில் நிழற்பாவை தோன்றுவதைச் சாதாரண அலங்காரமாகக் கடந்து செல்லமாட்டார். படைத்தோர் இத்தொடர்பை மனத்திற் கொண்டிருந்தனர் என நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. படைப்பின் உள்ளே இரண்டும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சேர்த்து வாசிப்பது வாசகரின் உரிமை. ஜப்பானிய விளையாட்டில் தோரி வாயிலோ சாமுராயோ தோன்றினால் அதன் வரலாற்றை அறிந்து எழுதும் விமர்சன உலகம், மலாய்ப் பாவைக்கும் அதே மரியாதையை வழங்குவது பொருத்தமானதாகும்.

படைப்பு தவறும் இடம்

இவ்வாறெல்லாம் கூறுவதனால் இப்படைப்பை நாம் குறையற்றதெனக் கொள்வதாக வாசகர் எண்ணக்கூடாது. விமர்சகர்கள் சுட்டிய குறைகளுள் மிக முக்கியமானதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் வேறொரு காரணத்துக்காக. கமெரா மோசமாக இருப்பது வெறும் தொழினுட்பக் குறையாக இருந்திருப்பின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டலையே கோரும் ஒரு விளையாட்டு, தாக்குதல்களைத் தரையிலும் வெளியிலும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாலும் காட்டுகின்றது. இதனால் விளையாடுபவர் செவியை நம்புவதை விட்டுக் கண்ணை நம்பத் தொடங்குகின்றார். கண்ணை நம்பத் தொடங்கியபின் கமெரா அவரைக் கைவிடுகின்றது. செவியால் விளையாடும் பழக்கத்தை முதற்கட்டங்களிலேயே பொறுமையாக ஊட்டியிருந்தால் கமெராவின் கோணம் இவ்வளவு பெரிய தடையாகத் தோன்றியிராது. வேறொரு விளையாட்டில் சிறு எரிச்சலாக இருக்கக்கூடிய அதே குறை இங்கே படைப்பின் உள்ளார்ந்த வாக்குறுதியையே மீறுகின்றது. ஒரே சொல் இடத்துக்கேற்ப இனிக்கும் அல்லது உறுத்தும் என்ற ஜுர்ஜானியின் அவதானம் இங்கு நினைவுகூரத்தக்கது.

இடைக்கட்டங்கள் வறண்டிருப்பதையும் இவ்வாறே நோக்கலாம். இசையால் உயிர்பெறும் நகரம் என்பது கதையின் கூற்று. அந்நகரின் வீதிகளில் நடப்போரிடம் இசை பெருமளவு ஒதுங்கியே நிற்கின்றது. கலைஞர்களின் அரங்குகளில் ஒலிப்பதைப் போல மக்களின் வாழ்விலும் அது ஒலித்திருந்தால், ஒரு சிலர் ஆற்றலைப் பதுக்கியதால் பலர் இருளில் வாழ்ந்தனர் என்ற அநீதி இன்னும் ஆழமாக உணரப்பட்டிருக்கும். ஆகவே எமது தீர்ப்பு விமர்சகர்களின் தீர்ப்பிலிருந்து முற்றிலும் விலகியதன்று. பெரிய எண்ணமும் அதற்குத் தக்க அடிப்படை விதியும் கொண்டு, அவ்விதியை இறுதிவரை காக்கத் தவறிய படைப்பு இது.

எண்ணும் எழுத்தும்

இறுதியாக, எண்களால் வழங்கப்படும் தீர்ப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பல விமர்சனங்களின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி காணும் இணையத் தளங்கள் இன்று இத்துறையில் பெரும் செல்வாக்குப் பெற்றுள்ளன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வெண் படைப்பின் ஆயுளைக்கூட உறுதிசெய்வதில்லை. மேலே குறிப்பிட்ட 'ஹை-ஃபை ரஷ்' உயர்ந்த புள்ளிகளைப் பெற்றது. 2023ஆம் ஆண்டின் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான விருதையும் வென்றது. ஆயினும் 2024 மே மாதம் அதனைப் படைத்த டேங்கோ நிறுவனத்தை மூடிவிடுவதாக உரிமையாளரான மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொரிய நிறுவனமான கிராஃப்டன் அக்குழுவைப் பொறுப்பேற்க முன்வந்தமையாலேயே அது தப்பியது. சராசரிப் புள்ளியால் ஒரு படைப்பைக் காக்க முடியவில்லையெனில், அப்படைப்பு எதனைச் சாதித்தது என்பதை எடுத்துரைக்கும் எழுத்தாவது எஞ்ச வேண்டும்.

எம் சமூகத்தில் இவ்வெழுத்து அரிதாகவே உள்ளது. கணினி விளையாட்டுகளைப் பற்றி எம் மேடைகளிலும் ஏடுகளிலும் எழும் பேச்சு பெரும்பாலும் நேர விரயம், கண்பார்வை, படிப்பில் கவனக்குறைவு என்பவற்றோடு முடிந்துவிடுகின்றது. இவை பொய்யான கவலைகளல்ல. ஆனால் இவற்றை மட்டுமே கூறும் மூத்தவரிடம் இளைஞர் தாம் கண்டதைப் பற்றிப் பேச வருவதில்லை. அவர்கள் வாங்குவோர் கையேடுகளிடம் செல்கின்றனர். அங்கிருந்து இசை பிரமாதம், கமெரா மோசம் என்ற இரு வாக்கியங்களைக் கற்றுத் திரும்புகின்றனர். ஒரு படைப்பு அவர்களிடம் நீதியைப் பற்றியும் தடையைப் பற்றியும் பிடிவாதத்தைப் பற்றியும் ஏதோ கூறியிருக்கின்றது. அதனைச் சொல்லாக்குவதற்கான மொழியை யாரும் அவர்களுக்கு வழங்கவில்லை. அம்மொழி எம் மரபில் உள்ளது. ஜுர்ஜானியும் இப்னு குதைபாவும் கஸ்ஸாலியும் அதனை விட்டுச் சென்றுள்ளனர். அதனை அரபு வகுப்பறைகளுக்குள் பூட்டி வைத்திருப்பது எமது தவறே.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர் அதே இளைஞனிடம் மீண்டும் பேசினோம். இம்முறை எப்படிப்பட்டது எனக் கேட்கவில்லை. யினூவுடன் மோதி அவன் வெல்லும் வேளையில் ஒலித்த இசை யாருடையது என்று கேட்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்தான். பின், "மெட்டு அவளுடையதுதான் மாமா, வாசிப்பது மட்டும் எங்கள் கித்தார்" என்றான். அதன்பின் அவன் அரை மணித்தியாலம் பேசினான். கமெராவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.